ஒற்றை வால்வும் உன் இறக்கைகளும்

எப்போதும் என்னை வம்புக்கு இழுத்த என் அருமை அண்ணா,

உன் விமானம் பறந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாதா?

டைபாய்டு உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ போனபோது, நீ செய்துகொண்டிருந்த அந்தக் குட்டி விமானத்தில் அநேகமாக எல்லாமே முடிந்திருந்தது. ஐந்தடி இறக்கை, காகிதம் ஒட்டி வார்னிஷ் பூசிய உடம்பு, மூக்கில் சின்ன எஞ்சின். வயிறு மட்டும் காலி. தரையிலிருந்தபடி ரேடியோவில் திருப்புவதற்கான கருவிகள் அங்கே போக வேண்டும். எதைப் போடலாம் என்று நோட்டில் மூன்று படம் வரைந்து மூன்றையும் அடித்திருந்தாய். ஏன் அடித்தாய்? யாரிடம் போய்க் கேட்பேன்?

மன்னி அதை யாரையும் தொடவிடவில்லை. கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நான் பறக்கவிடலாம் என்று வாயெடுத்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"அவர் கை பட்டதுன்னு இது ஒண்ணுதான் பாக்கி. இதுவும் ஒடைஞ்சா நான் எங்கே போவேன்?"

அண்ணா இதைச் செய்தது ஆணியில் மாட்டவா என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். என் நாக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். முழுசாகத் திரும்பி வர வேண்டும், தானும் கூட வருவேன் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

சாலைக் கடைத்தெரு ரேடியோ கடையில் உன்னோடு வேலை பார்த்த தாணுப் பிள்ளைதான் துணை. கண்ணாடிக் குழாய் மாதிரி மூன்று வால்வு வைத்த ரிசீவர் ஒன்றை எடுத்து வைத்தார். வாலிலுள்ள சுக்கானையும் திருப்பலாமாம், எஞ்சினையும் குறைக்கலாமாம். "அண்ணனுக்க விமானத்துக்கு இதாக்கும் சேரும், கேட்டேளா" என்றார். எனக்கும் ஆசைதான். பேட்டரிகளோடு சேர்த்துப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். உன் விமானத்தில் பாதி எடை இருந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க இணைப்புக் கொடுக்கும் இருபது ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகுகிறவள் நான். அது கைக்குப் பழகவே ஆறு மாதம் ஆயிற்று. இந்த வேலைக்கு நான் நேற்று வந்தவள், எனக்கு ஒரு பொத்தான் போதும் என்று சொல்லிவிட்டேன். ஒற்றை வால்வு, சுவிட்சு மாதிரி ஒட்டி விலகும் ஒரு ரிலே, சுக்கானைத் திருப்ப ரப்பர் முறுக்கில் சுற்றும் ஒரு குட்டிச் சக்கரம், உள்ளதிலேயே சின்ன பேட்டரி. பொத்தானை அழுத்தினால் சுக்கான் இடது பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், மறுபடி அழுத்தினால் வலது. அடுத்தது எந்தப் பக்கம் என்று நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தாணுப் பிள்ளை முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மழைக்கால ஈரத்தில் ரிலே ஒட்டிக்கொண்ட போதெல்லாம் அவர்தான் பொறுமையாகச் சரிசெய்தார். பொத்தான் வைத்த டிரான்ஸ்மிட்டருக்கு அனுமதி என் பேரிலேயே வாங்கினேன். இனி நம் வீட்டில் வயர்லெஸ்காரி நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரு விழித்துக்கொள்வதற்குள் புறப்பட்டால்தான் மன்னி வருவாள். நீ போன பிறகு அவள் நம் தெருக்கோடிக் கோட்டை வாசலைத் தாண்டியது அன்றுதான். யார் என்ன பேசுவார்களோ என்று அவளுக்கு இன்னும் பயம்.

தாணுப் பிள்ளை எஞ்சினைக் கிளப்பிக் கைவிட்டார். ஏறியது அண்ணா, எவ்வளவு அழகாக ஏறியது! ஏறி, நேரே கடலைப் பார்த்துப் போனது. திருப்ப வேண்டுமென்று அழுத்தினேன், திரும்பியது. விட்டு இன்னொரு தடவை அழுத்தினேன், எதிர்ப்பக்கம் திரும்பியது. எத்தனை தடவை அழுத்தினேன் என்ற கணக்கே எனக்குத் தப்பிவிட்டது. பயத்தில் பொத்தானை அழுத்தியது அழுத்தியபடியே நின்றேன். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றிச் சுற்றி அலைகளுக்கு மேல் இறங்கத் தொடங்கியது.

"கமலம், கையை எடு" என்றாள் மன்னி.

எடுத்தால் போய்விடும் என்று கத்தினேன். அவள் என் விரலைப் பிடித்துப் பொத்தானிலிருந்து விலக்கினாள். விமானம் இரண்டு தடவை ஆடியது, தானாக நிமிர்ந்தது. மூக்கு கரையைப் பார்த்திருந்த நேரம். எங்கள் தலைக்கு மேலே வந்து, எண்ணெய் தீர்ந்து, மணலில் சறுக்கி இறங்கியது.

"இறக்கை ரெண்டும் ஏன் இப்படி மேலே தூக்கிண்டிருக்குன்னு ஒருநாள் அவரைக் கேட்டேன்" என்றாள் மன்னி. "யாரும் ஓட்டலேன்னாலும் அதுவா நிமிர்ந்துக்கும்னார்."

ஒற்றை வால்வைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வதாக இருந்தேன். அன்று காப்பாற்றியது வால்வு இல்லை. ஒன்றும் தெரியாதவள் கையில் கிடைத்தாலும் பிழைத்துக்கொள்கிற மாதிரி நீ செய்து வைத்தாயே, அதுதான். அதற்கு நன்றி அண்ணா. மன்னியிடம் அதைச் சொல்லி வைத்ததற்கு இன்னும் பெரிய நன்றி.

முழுசாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கிலிருந்த விசிறி உடைந்தது, இடது இறக்கையில் காகிதம் கிழிந்தது. என்ன சொல்வாளோ என்று நான் தலை குனிந்து நின்றேன். மன்னி கிழிசலில் விரல் வைத்துப் பார்த்தாள். மைதாப் பசை போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று தாணுப் பிள்ளையிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பொத்தானை என் கையில் குடு" என்றாள். வெயில் ஏறின பிறகு, காற்று கரைப்பக்கம் திரும்பினதும் போகலாம் என்றாள். தெருவில் எல்லாரும் இருப்பார்களே என்றேன். இருக்கட்டும் என்றாள்.

அடுத்த ஞாயிறு பொத்தான் அவள் கையில்தான். அவள் எத்தனை தப்பாக அழுத்தினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

வாயாடி என்று நீ பெயர் வைத்த உன் ஒரே தங்கை,
கமலம்