பெரிய மார்க்கெட்டில் உன் பெயரில் உட்கார்ந்திருப்பவள்

என் உயிரான அஞ்சலை அக்காவுக்கு,

இன்று பாதிக் கீரை விற்காமல் இருக்கும்போதே மூட்டையைக் கட்டிக்கொண்டு மத்தியான ரயிலில் வில்லியனூர் திரும்பிவிட்டேன். யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னால் நீ முதலில் என் தலையில் ஒரு குட்டு வைப்பாய். வை, தாராளமாக வை.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டைப் பொறுத்தவரை நீ இன்னும் சாகவில்லை. நாலாவது தூணடியில் உன் பெயரில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிறப்பு இறப்பு எழுதும் மேரியில், அந்த நகராட்சி ஆபீசில், உன் சாவை நான் எழுதவே இல்லை. எழுதினால் இடம் அன்றைக்கே வேறு யாருக்காவது போய்விடும். உன் பெண் செல்விக்கும் எனக்கும் அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அந்த இடம் என்ன சும்மாவா வந்தது? அம்மா காலத்தில் மார்க்கெட்டின் நடுவில் மட்டும்தான் கூரை. துணியும் தானியமும் உள்ளே, மீனும் கீரையும் வெயிலில். பிறகு மீனுக்கு ஒரு கொட்டகை வந்தது, அப்புறம் காய்கறிக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு கூரை ஏறும்போதும் மனு, சண்டை, மண்டை உடைப்பு. கீரைக்காரிகள் தலைக்கு மேல் ஓடு வந்தது கடைசியில்தான். அதுவரை அம்மா மழையில் நனைந்துகொண்டே விற்றாள். இடம் கொடுத்த அன்று முதல் ஆளாக நின்று, கட்டைவிரலை மையில் அழுத்தி அதை வாங்கியவள் நீ. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாய். உனக்கென்று ஓர் எழுத்துகூடக் கற்றுக்கொள்ளவில்லை.

மாதா மாதம் குமாஸ்தா பெயர்ப் பட்டியலோடு வந்து “அஞ்சலை” என்பார். நான் “இருக்கேன்” என்பேன். கீரைக்காரியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பக்கத்துக் கடைக்காரிகளுக்கு எல்லாம் தெரியும். ஒருத்திகூட வாய் திறந்ததில்லை.

இன்று தூணில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். வெற்றிலைக்காரி சூசையம்மாவை நினைவிருக்கிறதா? சண்டை போட்டே உனக்குச் சிநேகிதியானவள். “இன்னாடி எழுதிக்கீது? படிச்சி சொல்லேன்” என்றாள். என் புத்தி எங்கே போனதோ, கணீரென்று படித்தேன். பிறர் பெயரில் இடம் வைத்திருப்பவர்களும் அதை மறைத்தவர்களும் மார்க்கெட்டை விட்டு வெளியேற்றப்படுவார்களாம். என் தலையெழுத்தை நானே ஊருக்குப் படித்துக் காட்டிவிட்டுத் திரும்பினால், பின்னால் புதுக் குமாஸ்தா நிற்கிறார்.

“கைநாட்டு அஞ்சலை நீதானே? இவ்ளோ சுத்தமா படிக்கிறே?”

நான் வாய் திறப்பதற்குள் சூசையம்மாதான் முந்திக்கொண்டாள். “இவ தங்கச்சி படிச்சவ, முசே. பாத்துப் பாத்து இவளும் கத்துக்கினா.”

“அப்படியா? நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் மேரிக்கு வாங்க. பழைய ரேகையோட வச்சிப் பார்த்துடலாம். நீ சாட்சிக்குச் சத்தியம் பண்ணும்மா.”

அவர் போனதும் சூசையம்மா கழுத்திலிருந்த மாதா சுரூபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “வரேன்டி. சத்தியம் பண்றேன். நீ பயப்படாத” என்றாள். பொய்ச் சத்தியம் என்றால் அவள் எவ்வளவு அஞ்சுவாள் என்று உனக்குத் தெரியாதா?

பயமாக இருக்கிறது அக்கா. என்னை ஜெயிலில் போடுவார்களா? செல்வி யாரிடம் இருப்பாள்? சூசையம்மாவையும் மார்க்கெட்டை விட்டுத் துரத்திவிட்டால் அவள் எங்கே போவாள்?

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். அவளைச் சத்தியம் பண்ண விடமாட்டேன். முதல் ரயிலிலேயே போய், எல்லாரையும் ஏமாற்றியவள் நான் ஒருத்திதான், வேறு யாருக்கும் எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் இடம் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உன் பெயரைக் கூப்பிட்ட போதெல்லாம் “இருக்கேன்” என்றே சொல்லிப் பழகிய வாய் இது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீ இருந்தாய். நாளைக்கு முதல் தடவையாக “எங்க அக்கா செத்துப்போச்சு” என்று சொல்ல வேண்டும்.

சொல்லிவிடுகிறேன் அக்கா. மழையில் உட்கார்ந்து விற்றாலும் செல்வியைப் பட்டினி போடமாட்டேன். இது சத்தியம். இதை என் சொந்தப் பெயரில் செய்கிறேன்.

உன் கூடப்பிறந்த தங்கை,
தனம்