அப்பா கடிக்காத பர்கர்

சேசு மரி சூசை

கடியபட்டணம்
மே 8, வியாழன்

என் அன்பு மகள் ரெஜிலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன்கூட அறையில் இருக்கிற பிள்ளைகளும் மாதாவின் காவலில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். எப்போதும் போல நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. தினமும் போனில் பேசுகிறோமே, பின்னே எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போனால் பின்னாலேயே வந்து நிற்கிறார். மற்ற நேரமெல்லாம் அது அவர் சட்டைப் பையில் கிடக்கிறது. உன்கூட முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற கருங்கல் அஜிதா லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்துவிடுகிற மரச்சீனிக் கிழங்கு வத்தல் பொதிக்குள்ளே இதை வைத்துவிடுகிறேன். மீன் ஊறுகாய் தனிக் குப்பியில் இருக்கிறது, மூடியை நேராகப் பிடித்துத் திற, எண்ணெய் வழியும். வேறு விசேஷம் என்றால் பூனை உன் பழைய சூட்கேசில் நாலு குட்டி போட்டிருக்கிறது, ராஜமணி சித்தப்பாவின் மகள் அபினாவுக்குக் காலேஜ் பரீட்சை முடிந்துவிட்டது, மழை இன்னும் தொடங்கவில்லை.

இனி அந்தப் பர்கர் விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்த ஃபுட் ஹாலில், நீ அங்கே ஜப்பானில் ஆசையாகத் தின்கிற அதே மாதிரி இறால் பர்கர் கிடைக்கிறது என்று நீயே போனில் தேடிக் கண்டுபிடித்து, ஈஸ்டருக்கு உன் செலவு என்று அங்கிருந்தே ஏற்பாடு செய்து, இரண்டு பேரும் கடிக்கிற படம் கட்டாயம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாயே. ஈஸ்டர் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை அபினாவைக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி பெரிய இடம், சுற்றிலும் கடைகள், நடுவில் மேசைகள், ஏசி குளிர் வேறு. நாங்கள் தேடிப்போன கடை முகப்பில் சிவப்புக் காகித விளக்கு தொங்கியது. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண்பிள்ளை எங்களைப் பார்த்துக் குனிந்து ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னாள், அப்புறம் பேசின பேச்சைக் கேட்டால் தக்கலைக்காரி. உன் அப்பா சும்மா இருப்பாரா, இது எந்தக் கரை எறாலு மக்ளே என்று கேட்டார். இது பிரீமியம் சார் என்றாள் அவள். பிரீமியம்னா அது எந்தக் கரை என்று மறுபடியும் கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன், அதையும் எழுத வேண்டும்.

பர்கர் வந்தது. மேலே கறுப்பு எள்ளு தூவின பளபளப்பான பன், உள்ளே இறாலைச் சேர்த்து அழுத்தி ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த தடிமனான வடை, அதன்மேல் நூல் நூலாக அரிந்த பச்சை முட்டைக்கோசு, அதற்கும் மேல் முட்டை போட்ட கெட்டிச் சாறு, சரியாமல் இருக்க நடுவில் ஒரு மூங்கில் குச்சி. ஏறக்குறைய ஒரு சாண் உயரம் இருக்கும். முட்டைக்கோசைப் பச்சையாக யார் தின்பார்கள் என்று நினைத்தேன், வாயில் வைத்தால் நன்றாகத்தான் இருந்தது, முதலில் இனிப்பு, பிறகு மூக்கில் ஏறுகிற ஒரு காரம். என் மூஞ்சியெல்லாம் சாறு, அபினா படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். அப்பா இரண்டு கையாலும் அதைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார், கீழே வைத்தார். இவ்வளவு ஒசரத்துல கெட்டி வச்சா மனுசன் எப்படிக் கடிப்பான் என்று சொல்லி உள்ளங்கையால் அமுக்கினார். மறுபடி தூக்கினார், பன் பல்லில் இடித்து மீசையில் சாறு அப்பியது. இன்னும் அமுக்கினார். சப்பாத்தி மாதிரி சப்பையான பிறகும் அது வாய்க்குள் போகவில்லை. பக்கத்து மேசையில் நாலு வயசுக் குழந்தை ஒன்று அதே பர்கரைக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை, நாகரிகம் பார்க்கிறார் என்று நினைத்து, நல்லா வாயத் தெறந்து கடியுங்க, பிள்ள பாக்கப் போறா என்று நான்தான் சொன்னேன். அவர் பர்கரை வாய்க்கு முன்னால் பிடித்தபடி சிரித்தார், அபினா எடுத்துவிட்டாள். நீ ஸ்டேட்டஸ் வைத்த படம் அதுதான். பிறகு உள்ளே இருந்த இறாலைக் கரண்டியால் கொஞ்சம் கிள்ளி உதட்டுக்குள் தள்ளி, இது கடல் எறாலு இல்ல, வளர்ப்பு எறாலு என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

போனவர் வரவில்லை என்று நானும் போனேன். குழாயில் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, உன் அப்பா கண்ணாடியைப் பார்த்து நின்று இரண்டு விரலை வாய்க்குள் விடப் பார்க்கிறார். இரண்டு விரல் போகவில்லை மகளே, ஒன்றுதான் போனது. கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டார். நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கயிறு இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பாக இருக்கிறது. நாக்குக்குக் கீழே ஒரு புண்ணும் இருக்கிறதாம், பொங்கலிலிருந்து ஆறவில்லையாம்.

அதன் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது, என் புத்தியை என்ன சொல்ல. கரையில் மீன் ஏலம் விளிப்பதை ஜனவரியிலேயே ராஜமணியிடம் விட்டுவிட்டார், தொண்டை கட்டியிருக்கிறது என்றார், நம்பினேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்கியதும் நாற்பது நாளும் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு, இறைச்சி வேண்டாம், மிளகாய் வேண்டாம், கஞ்சி மட்டும் போதும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமைகூட ஒழுங்காக ஒருசந்தி இருக்காத மனுஷன் மனம் திரும்பிவிட்டார் என்று நான் பூரித்துப் போனேன். கோயில் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் இந்த வயதில் எப்படித் தவம் இருக்கிறார் பாருங்கள் என்று சாட்சி சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள். காரம் பட்டால் வாய் எரிந்து கண்ணீர் விடுகிற மனுஷனை நான் புண்ணியவாளன் என்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன். ஈஸ்டர் அன்றைக்கு ஆட்டுக்கறி வைத்தேன், அன்றைக்கும் கஞ்சிதான் குடித்தார், பழகிப்போச்சு என்றார், அதையும் நம்பினேன். நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இந்த ஐந்து நாளும் நான் சொல்லாததில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சேலை மாற்றிக்கொண்டு நின்றேன், அவர் கடற்கரைக்கு இறங்கிப் போய்விட்டார். நெய்யூர் என்றாலே நம் கரையில் எல்லாரும் எந்த வியாதியை நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். வாயத் தெறந்து பாத்தாத்தான் நோயும் தீனமும், பாக்காட்டா ஒண்ணுமில்ல என்கிறார். கத்தி வச்சா எனக்க தொண்ட போவும், பின்ன நான் எதுக்கு என்கிறார். அவர் எப்போதும் வாயில் அடக்குகிற போயிலையைத் தூக்கிக் கடலில் எறிந்தேன், சாயங்காலம் வேறு வாங்கி வந்துவிட்டார். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா சொன்னதற்கு அவரோடும் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு ஆகஸ்டுல பரீட்சை கெடக்கு, போனுல ஒரு வார்த்த செல்லப்பிடாது கேட்டியா என்று மாதா படத்தில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். போனில் நான் சொல்லவில்லை, எழுதுகிறேன், மாதா மன்னிக்கட்டும். இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்தும் ஒரு ஆளின் வாயைத் திறக்க வைக்க என்னால் முடியவில்லை மகளே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ பதறி டிக்கெட் போடாதே. முதலில் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கி அப்பா வாயைப் பார். பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை கழிந்து வீடியோவில் கூப்பிடு, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ சொன்னாய், அங்கே வயசானவர்களுக்கு ஊட்டும்போது வாயைத் திற என்று கொஞ்சிச் சொல்கிற சொல்லைத்தான் முதன்முதலில் படித்தேன் என்று. யார் யாருடைய அப்பாவுக்கோ தினமும் சொல்கிறாய். அதே சொல்லை உன் அப்பாவிடம் ஒரு தடவை சொல். நான் சொன்னால் திட்டுவார், உனக்குத் திறந்து காட்டாமல் இருக்க மாட்டார். நீ உன் கண்ணால் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பா காரோடு தயாராக இருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, படிப்பை விட்டுவிடாதே, குளிரில் தலையை மூடிக்கொள். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
சி. குளோரி

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் அப்பா கரையிலிருந்து வந்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், வத்தலோடு வைக்க நாலு வரி என்றேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது, வாங்கிப் பார்க்கவில்லை. அப்பன் நல்ல சொகமா இருக்கேன்னு ஒரு வரி எழுது குளோரி என்றார். பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எழுதுகிறேன். அப்பா நல்ல சுகமாக இருக்கிறார். இதை நம்பிவிடாதே மகளே.