உடைக்கக் கூடாத மரப்பெட்டி

வெள்ளிக்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

சீனாவிலிருந்து எங்கள் செம்பரம்பாக்கம் கம்பெனிக்கு வந்த பழைய மெஷினுக்கு இன்று பூஜை போட்டோம். அங்கே மற்ற நாடுகளோடு வரிச் சண்டை, போர் வந்துவிடுமோ என்ற பயம். அதனால் வெளிநாட்டு முதலாளிகள் அது ஓடிக்கொண்டிருந்த ஆலையை மூடிவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம்.

குங்குமம் வைப்பதற்காக ஆபரேட்டர் மணி மெஷினைத் துடைத்தான். பேனல் கதவின் உள்பக்கம் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதில் தங்க நிறத்தில் சீன எழுத்துகள்.

"கிழிச்சிடு மணி" என்றேன்.

"வேணா சார். அங்க இருந்த ஆளும் நம்மள மாரி கும்புட்டுகினு ஒட்டிருப்பான்." தாளுக்குப் பக்கத்திலேயே குங்குமத்தை வைத்தான்.

பிறகு மெஷின் வந்த மரப்பெட்டியைக் காட்டினான். "இத்த உடச்சி எட்துகினு போவட்டா சார்? ஊட்ல ஒரு கட்டில் பண்ணிக்குவேன்."

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டைரக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பெட்டியை உடைக்காதீர்கள். மழை படாமல் வையுங்கள். மெஷின் அடுத்த இடத்துக்குப் போகும்போது வேண்டும்."

மணியிடம் போய், மரத்தில் மருந்து அடித்திருக்கிறது, வீட்டுக்கு ஆகாது என்றேன். "செரி சார்" என்று நம்பிவிட்டான். பெட்டியைத் தார்ப்பாய் போட்டு அவனே மூடினான்.

சிவப்புத் தாளை ஒட்டியவன் இப்போது எங்கே இருக்கிறானோ. அவனிடமும் யாராவது பெட்டியில் மருந்து என்று சொல்லியிருப்பார்கள். மணியின் குங்குமத்தை எந்த ஊரில் எவன் பார்ப்பானோ. துடைத்துவிடு என்று சொல்ல என்னைப் போல் ஒருவன் அங்கேயும் நிற்பான்.