ரோமாபுரிக்கு நாலு மாட வீதி

1998 நவம்பர் 24, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மூன்றாவது ஆயாவும் போய்விட்டாள். இவர் கஞ்சி டம்ளரைத் தட்டிவிட்டதில் அவள் புடவை முழுக்கக் கஞ்சி. துடைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபோன் செய்தார். ஆகஸ்டில் இவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சம்பளமில்லா லீவில் இருக்கிறேன். இனிமேல் நீட்டிக்க முடியாதாம். ஜனவரி 4 ஸ்கூல் திறக்கும்போது வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷமாக அடையாறில் கணக்கு டீச்சர். என் வாழ்க்கையில் நானாகத் தேடிக்கொண்டது அந்த வேலை ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரியவர்கள் பார்த்து வைத்தது.

பகலில் இவரோடு இருக்க ஒரு ஆள் நிலைத்தால் போதும். யார் நிலைப்பார்கள்?

பிஸியோதெரபி செய்ய வரும் பையன் அறிவு, வலது கை வரும்போது வரட்டும், இடது கையைப் பழக்குங்கள் என்கிறான். கம்ப்யூட்டர் மவுஸ் பிடித்தால் நல்லதாம். எங்கள் பிள்ளை கிரீஷ் புனேவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் அவன் அறையில் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

நவம்பர் 27, வெள்ளி

கிரீஷ் வைத்திருந்த விளையாட்டு ஒன்றை அறிவு போட்டுக் கொடுத்தான். பழைய காலத்து ரோமாபுரி ராஜ்யம். வெறும் புல்தரை ஒன்றைக் கொடுத்து, இங்கே ஒரு ஊரைக் கட்டு என்கிறார்கள். இவர்தான் கவர்னர். ரோடு போட்டு மனை ஒதுக்கினால் ஜனங்கள் வண்டி இழுத்துக்கொண்டு குடியேற வருகிறார்கள்.

மாநகராட்சியில் ரோடு இன்ஜினியராக இருந்தவருக்கு ரோடு போடச் சொல்லியா தர வேண்டும்? சாயங்காலம் வரை என்னைக் கூப்பிட மணியே அடிக்கவில்லை. நான் கூடத்தில் படுத்துத் தூங்கினேன். பகலில்! வெட்கமாகக்கூட இல்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

மூன்று ஊர் எரிந்தாகிவிட்டது.

ஊரில் காவல்காரன் ஒருவன் ரோந்து போகிறான். அவன் கடந்துபோகிற வீட்டில் தீயும் இல்லை, திருட்டும் இல்லை. அவன் கால் படாத தெரு கொஞ்ச நாளில் பற்றி எரிகிறது. வீடு இடியாமல் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினியர், கூடையோடு ஒரு சந்தைக்காரி, எல்லோருக்கும் இதே கதை. ஆனால் முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவரோ நாலடிக்கு ஒரு குறுக்குத் தெரு போட்டு வைத்திருக்கிறார். காவல்காரன் ஊரெல்லாம் சுற்றுகிறான், போக வேண்டிய தெருவுக்கு மட்டும் போகவில்லை. ஜனங்கள் கொதித்துப்போய்க் கலவரம்.

கோபத்தில் கீபோர்டைக் குத்தினார். பேச்சு போனதிலிருந்து இவருக்கு மிச்சம் இருப்பது "ம்", "ம்ஹூம்" இரண்டுதான். கோபம் மட்டும் பழையபடி முழுசாக இருக்கிறது.

டிசம்பர் 2

இன்றும் தீ.

டிசம்பர் 7, திங்கள்

நாலாவது ஆள் வந்திருக்கிறாள். ஆரோக்கியமேரி, பெசன்ட் நகர். வேளாங்கண்ணி கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். நாற்பது வயதிருக்கும், கனத்த குரல்.

மத்தியானமே இவர் ஸ்பூனை வீசினார். அவள் அசையவில்லை. "இன்னா சார், சோறு புடிக்கலன்னா தலைய ஆட்டு. ஸ்பூன் இன்னா பண்ணிச்சு உன்னிய?" என்று கேட்டுவிட்டுப் பொறுக்கி எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள். இவர் திகைத்துப்போய் மிச்சத்தைச் சாப்பிட்டார். ஈச்வரா, இவள் நிலைக்க வேண்டும்.

டிசம்பர் 10, வியாழன்

மேரி நிலைக்கிறாள், இவர்தான் நிலைக்க விடமாட்டேன் என்கிறார். தண்ணீருக்கு மணி, தலையணைக்கு மணி, ஃபேனுக்கு மணி. பூஜை அலமாரியில் இருந்த மணியைக் கூப்பிட வசதியாக இருக்கட்டுமென்று நான்தான் செப்டம்பரில் இவர் கையில் கொடுத்தேன். தானே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். மேரி பக்கத்திலேயே நின்றாலும் மணி அடிப்பார், நான்தான் வர வேண்டும். அவள் தொட்டால் "ம்ஹூம்".

மாடி வீட்டு மாமி வந்து, கல்லானாலும் கணவன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கல் மணி அடிக்காதே மாமி.

முதுகு விட்டுப்போகிறது. அந்த ஊர்க் காவல்காரன் மாதிரிதான் நானும், அடுப்பா, மணியா, பாத்ரூமா, எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர்மேல் வெறுப்பாக வருகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். எழுதியதைக் கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

டிசம்பர் 13, ஞாயிறு

விளையாட்டில் ஒரு புது விஷயம் கண்டுபிடித்திருக்கிறார். தெருவில் போகிற ஆள்மேல் அம்பை வைத்து மவுஸின் வலப் பக்கத்தைத் தட்டினால் அந்த ஆள் நின்று தன் குறையைச் சொல்கிறான். ரொட்டி கிடைக்கவில்லை, வேலை இல்லை, ஊர் பரவாயில்லை என்று ஆளுக்கொன்று, இங்கிலீஷில்.

காலை முழுக்க ஒருவர் விடாமல் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு அக்கறை. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒருநாள்கூட, சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ரோமாபுரிச் சந்தைக்காரிக்கு என்ன குறை என்று தெரிய வேண்டுமாம்! சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 17, வியாழன்

மார்கழி பிறந்துவிட்டது. இவர் எழுந்திருப்பதற்குள் கபாலி கோயிலுக்கு ஓடினேன். தெற்கு மாட வீதியில் திரும்பும்போதுதான் தோன்றியது. பங்குனியில் சுவாமி புறப்பட்டால் இந்த நாலு மாட வீதியையும் சுற்றி நிலைக்கு வந்து சேருவார். வழியில் எத்தனை சந்து வந்தாலும் அவர் திரும்பமாட்டார். ஒரு வீடு விடாமல் எல்லோருக்கும் தரிசனம். காவல்காரனுக்கும் அப்படி ஒரு வழி இருந்தால்?

வந்து சொன்னேன். நடுவில் கோயில், சுற்றி நாலே தெரு, குறுக்குத் தெரு கிடையாது. "ம்ஹூம்" என்றார். குறுக்குத் தெரு இல்லாத ஊரா என்று இன்ஜினியர் புருவம் கேட்டது. மவுஸைப் பிடுங்கி நானே போட்டேன். காவல்காரன் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான். சாயங்காலம் வரை ஒரு பொறி இல்லை.

இவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ம்" என்றார். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது.

டிசம்பர் 23, புதன்

ரோமாபுரியில் அமைதி, இங்கே இல்லை. இன்று குளிப்பாட்ட வந்த மேரியின் கையை இவர் தட்டிவிட்டு மணியை அடித்தார். அவள் சோப்பைக் கீழே வைத்தாள். "எல்லாத்துக்கும் நீதான் ஓடியார. சும்மா குந்திக்கினு கீறதுக்கு நான் இன்னாத்துக்கு டீச்சரம்மா? கிறிஸ்மஸ் முடிஞ்சி வரலாமா வாணாமான்னு யோசிச்சிக்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை வராவிட்டால் வரமாட்டாள் என்று அர்த்தம்.

அவள் வரமாட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸிடம் ராஜினாமா என்று சொல்லிவிட வேண்டியதுதான். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

டிசம்பர் 27, ஞாயிறு

மத்தியானம் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மவுஸ் சத்தம் நின்றது. நிமிர்ந்தால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது கையை நீட்டி, ஒரு விரலால் என் மணிக்கட்டில் தட்டினார். என்ன வேண்டும், தண்ணியா என்றேன். "ம்ஹூம்." பாத்ரூமா? "ம்ஹூம்." மறுபடி அதே இடத்தில் ஒரு தட்டு. தட்டிவிட்டுக் காத்திருந்தார், ரோமாபுரி ஜனங்களிடம் காத்திருக்கிற அதே முகத்தோடு.

அப்போதுதான் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஏன்னா, நான் ஓஞ்சு போயிட்டேன்" என்றேன். "நேக்கு ஸ்கூலுக்குப் போகணும். போகலேன்னா நான் இந்த ஆத்துல கருகிப் போயிடுவேன்."

நானா சொன்னேன்? இவ்வளவு வருஷம் எங்கே வைத்திருந்தேன்?

இவர் கையை எடுத்துக்கொண்டு திரை பக்கம் திரும்பினார். ஆனால் மவுஸைத் தொடவில்லை. அந்த ஊர் ஜனங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 28, திங்கள்

வழக்கமான நேரத்துக்கு மேரி வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் நம்பரைப் பாதி சுழற்றிவிட்டு ரிசீவரை வைத்தேன். வாசலையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். கையில் கேக் பொட்டலம். "பஸ்ஸே இல்ல டீச்சரம்மா" என்றாள், வேறெதுவும் நடக்காதது மாதிரி. நான் வழக்கம்போல் இவர் துண்டை எடுக்கப் போனேன். எனக்கு முன்னால் இவர் எடுத்து மடிமேல் வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி மேரியிடம் நீட்டினார்.

குளிக்கும்போது உள்ளே ஏகப்பட்ட "ம்ஹூம்". அவளும் விடவில்லை. நான் வெளியே நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகவில்லை.

டிசம்பர் 31, வியாழன்

விளக்கேற்றப் போனால் மணி பூஜை அலமாரியில் இருக்கிறது. நீ வைத்தாயா என்று மேரியிடம் கேட்டேன். "சார்தான் குட்த்து அனுப்சாரு" என்றாள்.

அடித்துப் பார்த்தேன். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

1999 ஜனவரி 4, திங்கள்

கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்க நின்று பழக்கம் விட்டுப்போச்சு. தொண்டையும் கட்டியிருக்கிறது. பஸ்ஸில் அடையாறு பாலம் வரும்வரை, திரும்பிப் போய்விடலாமா என்றே இருந்தது.

நான் வரும்போது மேரி கிளம்பத் தயாராக நின்றாள். ரோமாபுரியில் இரண்டு வீடு எரிந்ததாம். சார் கவலைப்படவில்லையாம். காலையிலிருந்து அவள் கையையும் தட்டித் தட்டி, அவள் தன் மாமியார் கதையை முழுசும் சொல்லி முடித்துவிட்டாளாம்.

இவர் பக்கத்தில் போய், கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தேன். மணிக்கட்டில் ஒரு தட்டு.

"ஒன்பதாங்கிளாஸ் பி செக்‌ஷன்ல ஒருத்தனுக்கும் அல்ஜீப்ரா நினைவில்லே. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றேன்.

இன்னும் நிறையச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.