வதிவிடம்: கார்வின் ஃபெரி

தண்ணீருக்குப் பக்கத்தில் பிறந்து, தண்ணீருக்குப் பக்கத்திலேயே கண்ணை மூடிய என் சின்னண்ணைக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு உங்கள் மீதும்தான். அதனால் முழுவதையும் இருந்து கேளுங்கள்.

வருகிற மாதம் உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். அதற்கான நினைவஞ்சலி அறிவித்தலைப் பெரியண்ணை லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து எழுதி என் போனுக்கு அனுப்பியிருக்கிறார். "யாழ். காரைநகர் களபூமியைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டிருந்த…" என்று தொடங்குகிறது.

மறுபடியும் ரொறன்ரோ. அந்த நகரத்தில் நீங்கள் இருந்தது வந்திறங்கிய முதல் எட்டு மாதம், ஒரு கடையின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டு. பிறகு மூன்று கலியாணத்துக்கும் ஒரு பல்லுப் பிடுங்கவும் போனீர்கள். மிச்சம் இருபத்தாறு வருடமும் சஸ்காட்சுவானில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை நிற்கும் வெளியில், ஆற்றங்கரையில் இருக்கும் கார்வின் ஃபெரி என்ற சின்ன ஊரில். அங்கே நீங்கள் பாதை ஓட்டினீர்கள். கம்பியைப் பிடித்து வாகனங்களை அக்கரை சேர்க்கிற படகை நம் ஊரில் பாதை என்போம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காரைநகரில் பாதை ஏறி வளர்ந்தவன் கனடாவில் பாதை ஓட்டுகிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தில் இருந்த சந்தோஷத்தைப் பெரியண்ணை படிக்கவில்லை. பாதை ஓட்டுகிறான் என்பதை மட்டும் படித்தார்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாளுக்கு உங்களுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடித்தோம். உங்கள் படம், வம்சாவளி, தேவாரம், இரங்கற்பா எல்லாம் போட்டு, வழுவழுப்பான தாளில். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார் பெரியண்ணை. முதல் பக்கத்திலேயே பிழை இருந்தது.

"அண்ணை, கார்வின் ஃபெரி எண்டெல்லோ வரவேணும்?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை அந்த இடம்? அங்க ஒரு கோயில் இல்லை, ஒரு தமிழ்ச் சனம் இல்லை. அங்க என்ன செய்தவர் எண்டு கேப்பினம். ரொறன்ரோ எண்டு கிடந்தா ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, இருபது வருடமாக அவர் எல்லோருக்கும் சொல்லி வந்தது, தம்பி கனடாவில் போக்குவரத்துத் திணைக்களத்தில் அரசாங்க உத்தியோகம் என்று. அது பொய்யுமில்லை. பாதை அரசாங்கத்துடையதுதானே.

நான் என்ன செய்தேன்? தேவாரத்தில் விடுபட்டிருந்த ஒரு மெய்யெழுத்தைத் திருத்தினேன். வம்சாவளியில் மாமாவின் பெயருக்கு இனிஷல் போட்டேன். ரொறன்ரோவை அப்படியே விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, குட்மேய்ஸுக்குத் திரும்பி வந்தேன். துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். துக்க வீட்டில் பொய் மட்டும் சொல்லலாமா?

அந்தக் கல்வெட்டில் ஒன்றை மார்த்தாவுக்கும் தபாலில் அனுப்பினேன். உங்கள் ஊரின் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள்தான் உங்கள் செத்தவீட்டை முன்னின்று நடத்தியவர். ஊர் மண்டபம் நிறைந்து வழிந்ததை நாங்கள் போனில் பார்த்தோம். கல்வெட்டு கிடைத்ததும் எனக்குப் போன் எடுத்துப் பேசினார். போனைத் தாளுக்கு மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாராம். முக்கால்வாசி விளங்கவில்லையாம், ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கியதாம். தயங்கித் தயங்கிக் கேட்டார்: எங்களுக்குச் சொல்லாமல் அவர் ரொறன்ரோவுக்கு வீடு மாறிவிட்டாரா?

அவர் கேலியாகக் கேட்கவில்லை, அண்ணை. உண்மையாகவே மனம் நொந்து கேட்டார். பிறகு அவரே பேச்சை மாற்றி, காரைநகர் என்று தெரியும், காரைநகரில் எந்தப் பகுதி என்று கேட்டார். களபூமி என்றேன். எழுத்து எழுத்தாகச் சொல்ல வைத்து, திரும்பப் படித்துக் காட்டினார். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் வந்தபோதுதான் விளங்கியது. நீங்களும் மார்த்தாவும் பதினொரு வருடம் இழுத்தடித்த அந்த ஊரின் வரலாற்றுப் புத்தகம். செங்கல் மாதிரிக் கனம். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்.

வாசித்தேன், அண்ணை. எலிசபெத் லைன் ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன். கார்வின் என்ற ஆள் வந்து பாதை விடுவதற்கு முன்பே அந்தத் துறைக்குக் கிரீ பழங்குடி மக்கள் வைத்திருந்த பெயரை அவர்களிடமே கேட்டு முதல் பக்கத்தில் போட வைத்தவர் நீங்கள் என்று முன்னுரையில் இருக்கிறது. பிறகு ரயில் வந்தது, ஆனால் அக்கரையில் வந்தது. அதனால் ஊரே ஒரு மாரியில் ஆறு உறைந்து கிடந்தபோது வீடுகளைச் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, குதிரைகளைப் பூட்டி, பனிக்கட்டிக்கு மேலால் இழுத்துக்கொண்டு போனது. ஒரு வீட்டில் அடுப்பைக்கூட அணைக்கவில்லையாம், வழியில் ரொட்டி வெந்ததாம். பிறகு வெள்ளம். பிறகு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தானியக் கோபுரத்தையும் இடித்தார்கள். எது போனாலும் பாதை மட்டும் நிலைத்து நின்றது, கடைசியில் அதை ஓட்ட நீங்கள் வந்தீர்கள்.

அந்தப் புத்தகத்துக்கு நீங்கள் வைத்த சட்டத்தையும் மார்த்தா எழுதியிருக்கிறார். பிறந்த ஊர் என்று பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ யாரும் எழுதக்கூடாது. போலந்து என்றோ கீவ் என்றோ எழுதிக் கொடுத்தவர்களின் தாளைத் திருப்பிக் கொடுத்து, கிராமத்தின் பெயரைத் தேடி வா என்று அனுப்புவீர்களாம். அந்தக் காலத்தில் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீனக் கிழவருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் சீனாக்காரர். நீங்கள் அவருடைய கல்லறையில் இருந்த எழுத்துகளைப் படம் பிடித்து, நூறு மைலுக்கு அப்பால் இருந்த ஒரு சீன உணவகத்துக்குக் கொண்டுபோய் வாசிக்க வைத்து, அவர் பிறந்த கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு அவ்வளவு செய்தீர்கள். உங்களுக்கு நாங்கள் செய்தது இது.

புத்தகத்தில் உங்களுக்கான பக்கமும் இருக்கிறது. நீங்கள் அதை எழுதவேயில்லையாம், நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினீர்களாம். மார்த்தா எழுதியிருக்கிறார். முதல் வரியில் களபூமி, காரைநகர். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அந்த வெள்ளைக்காரக் கிழவிக்கு நம்முடைய ஊரைச் சரியாக எழுதத் தெரிந்தது, அண்ணை. நம்முடைய ஆட்களுக்கு உங்களுடைய ஊரை எழுத வெட்கமாக இருந்தது.

இனி உங்களுடைய பங்கு. என் மகளின் கலியாணத்துக்கு இல்ஃபோர்ட் மண்டபத்துக்கு வந்திருந்தீர்களே, அப்போது ஒருவர், "ரொறன்ரோவில எவடம்?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்தில் பெரியண்ணை நிற்கிறார் என்பதற்காகச் சிரித்து மழுப்பினீர்கள். ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் சரியான பெயரைக் கொண்டுவா என்று கண்டிப்புக் காட்டிய மனிதர் ஏன் எங்களிடம் மட்டும் காட்டவில்லை? ஒரு தரம் வாயைத் திறந்திருந்தால் என்ன? அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்றுப் பெரியண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ரொறன்ரோவை வெட்டுங்கோ. கார்வின் ஃபெரி எண்டு போடுங்கோ."

"இப்ப மாத்தினா, போன கல்வெட்டுப் பிழை எண்டு சனம் சொல்லுமே?"

"ஓம். பிழைதான். பிழை பாத்தது நான்தான், என்ர பிழை எண்டு சொல்லுங்கோ."

"செத்தவனுக்கு இனி எந்த ஊரா இருந்தா என்ன பிள்ளை?"

"அப்ப களபூமியையும் வெட்டிப்போட்டு கொழும்பு எண்டு போடுவமே?"

"உன்ர விருப்பம். ஆனா என்ர பேரைப் போடாதை," என்று வைத்துவிட்டார். எழுபத்தைந்து வயது மனிதரை வருத்திவிட்டேன் என்று தெரியும். அதற்காக அழுதேன், ஆனால் திருப்பிப் போன் எடுக்கவில்லை.

அறிவித்தல் என் பெயரில் மட்டும் போகிறது. இன்று காலை அனுப்பிவிட்டேன். களபூமியைப் பிறப்பிடமாகவும், சஸ்காட்சுவான் கார்வின் ஃபெரியை வதிவிடமாகவும். ஆற்றில் பனி உடைந்துவிட்டதாம், திவசக் கிழமையில்தான் பாதையைத் தண்ணீரில் இறக்குகிறார்களாம். மார்த்தா சொன்னார். புதிதாக ஓட்ட வந்திருப்பவள் ஓர் இளம்பெண்ணாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். மிஞ்சிய கல்வெட்டுகள் என் அலுமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, பேனாவால் ரொறன்ரோவை வெட்டி, மேலே உங்கள் ஊரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும், கொடுத்த வீடுகளுக்குப் போவேன். இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம், எங்கே போனாலும் சாமியறையில் இருக்கும் கல்வெட்டை எடுத்துத் தரச் சொல்லி, அவர்கள் பார்த்திருக்கத் திருத்துவேன். விசர் பிடித்தவள் என்று சொல்லட்டும். முதலில் போகப்போவது பெரியண்ணை வீட்டுக்கு.

இப்படிக்கு,
களபூமியில் பிறந்து, இவ்வளவு காலமும் கேட்பவர்களுக்கு லண்டன் என்று மட்டும் சொல்லிவந்த,
குட்மேய்ஸில் இருக்கும் உங்கள் தங்கச்சி.