ஸ்பீக்கரில் வந்த பதில்

வியாழன், இரவு.

மறுநாள் கிளினிக்குக்கு வருபவர்களை முந்தின நாளே போனில் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. டாக்டருக்கு நேரம் மிச்சமாம்.

நேற்று செல்வியைக் கூப்பிட்டேன். முதலிபாளையம் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தீராத இடுப்பு வலி. முழுகாமல் இருக்கிறீர்களா என்று கேட்டேன். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். "இல்லீங்க" என்றாள்.

இன்று டாக்டர் அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு எழுதினார். எக்ஸ்ரே அறை வரைக்கும் போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, வயித்துல கொழந்தை இருந்தா இத எடுக்கலாமுங்களா?"

"நேத்து இல்லைன்னீங்களே."

"நான் குடுத்த நம்பரு சூப்பர்வைசர் போனுங்க. எங்க போனையெல்லாம் கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. அவரு ஸ்பீக்கர்ல போட்டுப் புடிச்சுட்டு நின்னாருங்க. தெரிஞ்சா வேலைக்கு வர வேண்டாம்னுருவாங்க."

மூன்றாவது மாதமாம். டாக்டரிடம் சொன்னேன். எக்ஸ்ரே சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.  

இனிமேல் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட வேண்டும் என்று சாப்பிடும்போது நினைத்தேன். படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசர் கையில் போன் இருக்கும்போது அதற்கும் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள்.