விளக்கில்லாத அம்மனைப் பார்க்கப் போகிறேன், அக்கா

என் உயிரான ரஞ்சிதம் அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி இப்போதுதான் வந்திருக்கிறது. உன் தங்கை நான் பாரிசுக்குப் போகப் போகிறேன். சிரிக்காதே. பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்துவிட்டது. என் பேத்தி நித்யாவுக்கு இது ஐந்தாவது மாதம். கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டிருக்கிறாள்.

தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். "இன்னா பெரீம்மா, பிளேன் ஏறப் போறியாமே, பயமா இல்ல?" என்று பக்கத்து வீட்டு அமுதா கேட்டாள். "எம் பேத்தி அங்க பெரிய வேலையில இருக்கா, எனக்கின்னாடி பயம்?" என்று சொல்லிவிட்டேன். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிளேனுக்குப் பயப்படவில்லை அக்கா. நித்யா என்னை அந்த ஊர் மியூசியத்துக்கு அழைத்துப்போகப் போகிறாள். அதுதான் பயம். போன வருஷம் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாளே, நினைவிருக்கிறதா? கல்லில் செதுக்கிய அம்மன், ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கீழே நம் காஞ்சிபுரத்தின் பெயர் எழுதியிருந்தது. நீதான் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாய். "பூசை இல்லாத அம்மன்டி இது. விளக்கில்ல, பொங்கலில்ல, எத்தினி வருசமா பசியோட குந்திக்கினு இருக்குதோ. பொண்ண அந்தப் பக்கம் போவ வேணாம்னு சொல்லு" என்றாய்.

அந்த வாரமே செய்தி வந்தது, நித்யாவின் முதல் கரு கலைந்துவிட்டது என்று. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வையை என்னிடம் விட்டுவிட்டு நீ கண்ணை மூடிவிட்டாய். இனி நான் யாரிடம் கேட்பேன்?

இப்போது வயிற்றுப் பிள்ளையோடு அதே அம்மன் முன்னால் என்னை நிறுத்தப் போகிறாளாம். நேராக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் நாள் குறிப்பதில் தொல்லை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டிக்கெட் போட்டாள்.

"அந்த நேரம் ராகுகாலம்மா, வேணாம்."

"ஆயா, அது உங்க ஊரு ராகுகாலம். இங்க சூரியனே லேட்டாத்தான் வருது."

"சூரியன் லேட்டா வந்தா ராகுவும் லேட்டா வருவாரு. செவ்வாய்க்கிழமை போடு."

"செவ்வாய்க்கிழமை மியூசியம் லீவு ஆயா."

செவ்வாய்க்கிழமை பார்த்து அம்மனுக்குக் கதவைச் சாத்துகிற இடம் உலகத்தில் உண்டா, அக்கா?

எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். கற்பூரம்? "ஏத்துனா போலீசு வரும் ஆயா, ரெண்டு பேரையும் புடிச்சிக்கினு பூடுவாங்க." நம் தறிப் பட்டில் ஒரு சின்னப் பாவாடை தைத்து எடுத்து வரட்டுமா? தொட்டால் மணி அடிக்குமாம். செருப்பை எங்கே விடுவது என்றால், செருப்போடுதான் உள்ளே போக வேண்டுமாம். பசியோடு இருக்கிறவள் முன்னால் வெறுங்கையோடு, செருப்புக் காலோடு போய் எப்படி நிற்பது?

நேற்று போனில் அழுதுவிட்டேன். "நீ போவாத கண்ணு. போன தபா அவளப் பாத்த பெறகுதானே..." அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

நித்யா அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆயா, போட்டோ அனுப்புனது அதுக்கு அப்புறம். ஆஸ்பத்திரியிலருந்து வந்த மறுநாளு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அவரு வேலைக்குப் பூட்டாரு. வீட்ல இருக்க முடியல, நடந்துக்கினே போய் அங்க குந்திட்டேன். அந்த ரூம்ல நம்ம ஊரு பேரு அது ஒண்ணுதான் ஆயா. அதுகிட்டத் தமிழ்ல பேசுனேன். சத்தமா அழுதேன். காவலுக்கு இருக்கற அம்மா ஒண்ணு வந்து தண்ணி குடுத்துட்டுப் போச்சு."

கேட்டாயா அக்கா? பிள்ளையை இழந்த பிறகுதான் அவள் அங்கே போயிருக்கிறாள். நீயும் நானும் பின்னால் நடந்ததை முன்னால் வைத்து அந்த அம்மன் மேல் பழி போட்டுவிட்டோம். பெற்றவர்களும் நாமும் இல்லாத ஊரில் நம் பெண் யாரிடம் போய் அழுதாளோ, அவள் மேலேயே.

பயம் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்னது இன்னும் காதில்தான் இருக்கிறது. அத்தனை பசியோடு இருக்கிறவள் ஒரு பெண் அழுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாளா? கேட்பாளோ என்னவோ. பசித்தவளுக்குத்தான் அடுத்தவள் வயிறு தெரியுமோ? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கு இதற்கெல்லாம் பதில் தெரியவில்லை. பிள்ளை நல்லபடியாக வந்து சேரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனாலும் வியாழக்கிழமை காலைக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். நித்யாவை முன்னால் அனுப்ப மாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் முதலில் போய் நிற்பேன். அம்மனுக்குக் கோபம் இருந்தால் என்னோடு முடியட்டும். இல்லையென்றால், அன்றைக்கு நம் பெண்ணைத் தனியாக அழ விடாமல் இருந்ததற்கு உனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கோயிலில் எந்நாளும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றே கும்பிட்ட
உன் தங்கை,
தனபாக்கியம்